பீமவரம் தந்த பேரறிஞர்

நாள்தோறும் ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டே, அவர் யார், எவ்வூரார், எப்படி வாழ்ந்தார் என்று அறியாமல் இருப்பது மாணவர்களாகிய நமக்குப் பழகிப்போன ஒன்று. விதிகளையும் முறைகளையும் அவற்றைக் கண்டவர்களின் பெயரோடு சேர்த்து மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் விதியும் மறந்துபோகிறது, பெயரும் மறந்துபோகிறது.

உயிர் வேதியியல் பயிலும் எங்களுக்குச் செய்முறைப் பயிற்சி ஒன்று உண்டு. இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதென்று அளந்து சொல்ல வேண்டும். சோதனைக் குழாயில் அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட்டை விடுவோம். அதன் பின் ஒடுக்கும் இரசாயனப் பொருளொன்றைச் சேர்ப்போம். சற்று நேரத்தில் குழாயிலுள்ள நீர் நீலமாகும். நீலம் எவ்வளவு அழுத்தமோ, பாஸ்பரஸும் அவ்வளவு மிகுதி. இதற்கு ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை என்று பெயர்.

இதனை நான் பல தடவை செய்திருக்கிறேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தச் சுப்பாராவ் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தூண்டியது வகுப்பறையன்று. பிழைப்புத் தேடி வந்து எங்கள் குடும்பம் குடியேறிய சித்தூரில், எங்கள் தெருவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அவர் வரலாற்றைக் காண்போம்.

ஓடிப்போன சிறுவன்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் நாள் கோதாவரிக் கரை நாட்டிலுள்ள பீமவரத்தில் பிறந்தார். அந்நாளில் பீமவரமும், சித்தூரும், திருப்பதியும், சென்னையும் ஒரே சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரியது, வருவாய் சிறியது.

பிறவியிலேயே மேதை என்று சொல்லத்தக்க அடையாளம் ஒன்றும் அவரிடம் இளமையில் இல்லை. பதின்மூன்று வயதில் அவர் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு! வீட்டார் அவரைத் திரும்ப அழைத்து வந்து பள்ளியில் சேர்த்தனர். பள்ளியிலும் அவர் ஒளிவிடவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். மாணவப் பருவத்திலேயே தந்தையையும் இழந்தார்.

இரண்டு முறை தோற்றவர் மூன்றாம் முறை எழுதினார் என்பதை நம்மில் சிலர் சற்று நின்று படிக்க வேண்டும். அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதைக் காட்டிலும் நல்ல ஆறுதலை என்னால் சொல்ல இயலாது.

சென்னையில் மருத்துவக் கல்வி

மாநிலக் கல்லூரியில் பயின்றபோது அவர் உள்ளம் துறவின் பக்கம் சாய்ந்தது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. துறவியாகச் செய்ய எண்ணிய தொண்டை மருத்துவராகச் செய்யலாம் என்னும் முடிவோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பணம்? நண்பர்கள் உதவினர், காஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவர் கைகொடுத்தார். அவர் மகள் சேஷகிரியை 1919-இல் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியை விலக்கிய சுப்பாராவ், அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராயிருந்த வெள்ளையருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகவே எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். ஒரு முழம் கதர் ஒரு பட்டத்தை விலையாகக் கேட்டது, அவர் கொடுத்தார்.

அரசு மருத்துவப் பணியில் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது, வயிற்றுப்போக்கு நில்லாது, இரத்தம் வற்றும், உடல் உருகி உயிர் போகும். அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார். உடன்பிறந்தார் இருவரைக் கொன்ற நோய் தன்னை ஏன் விட்டது? அதற்கு மருந்தென்ன? இவ்வினாக்கள் அவர் நெஞ்சை விட்டு நீங்கவே இல்லை. இந்நோயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மறுபடியும் இக்கதையில் வரும்.

கடல் கடந்து

1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். காகிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும், மாமனார் திரட்டிய பணமுமே வழிச்செலவு. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார். கையிலிருந்த பணம் கரைந்தது. பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் இரவு நேர ஏவலாளாக வேலை செய்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவுவதும் அவ்வேலையில் அடக்கம். சென்னையில் ஆசிரியர், பாஸ்டனில் தோட்டி வேலை! அவர் அதனை இழிவாகக் கருதியதாகத் தெரியவில்லை.

புறப்படும்போது சேஷகிரி கருவுற்றிருந்தார். கணவர் கடல் கடந்த பின் பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறையுமுன் நோயில் இறந்தது. தந்தை அக்குழந்தையின் முகத்தைக் கண்டதேயில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுவார் என்று எண்ணிய மனைவி காத்திருந்தார். சுப்பாராவ் திரும்பவில்லை. இன்னும் ஓர் ஆராய்ச்சி, இன்னும் ஓர் ஆண்டு என்று தள்ளிக்கொண்டே போய், இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தைத் தியாகம் என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுவது வழக்கம். தியாகம் செய்தவர் யார்? ஆராய்ச்சிக் கூடத்தில் தம் விருப்பம் போல் உழைத்தவரா? ஆயிரக்கணக்கான கல் தொலைவில், குழந்தையையும் பறிகொடுத்துத் தனியே இருந்த அந்தப் பெண்ணா? ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நாம் இதற்கு விடை தேடினால் நல்லது. சுப்பாராவின் பெருமை இவ்வினாவால் குறைந்துவிடாது. ஆனால் அப்பெருமைக்குக் கொடுத்த விலையில் பாதியைச் சேஷகிரி கொடுத்தார் என்பதை மறைத்தலும் முறையன்று.

நீல நிறம் சொன்ன செய்தி

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர் வேதியியல் அறிஞரிடம் சுப்பாராவ் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து 1925-இல் வெளியிட்டதுதான் நாம் தொடக்கத்தில் கண்ட பாஸ்பரஸ் அளக்கும் முறை. அந்நூற்றாண்டில் உயிர் வேதியியலார் மிகுதியாக எடுத்துக்காட்டிய கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

அம்முறையைத் தசையின் சாற்றில் செய்தபோது ஒரு விந்தை புலப்பட்டது. நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று. வேறொருவராயின் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். இவர்கள் அவ்வாறு விடவில்லை. எளிதில் உடையும் பாஸ்பரஸ் கூட்டுப்பொருள் ஒன்று தசையில் இருக்கிறது. அமிலத்தில் அது சிறிது சிறிதாக உடைவதால்தான் நிறம் தாமதமாக ஏறுகிறது என்று கண்டனர். அப்பொருளே பாஸ்போகிரியாட்டின். ஆண்டு 1927. அதே காலத்தில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் தனியே இதனைக் கண்டனர்.

இரண்டாண்டுக்குப் பின், 1929-இல், தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். ஏ.டி.பி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் இப்பொருள், உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவான செலாவணி நாணயம். நாம் கைவீசி நடப்பதும், நெஞ்சு துடிப்பதும், விதை முளைப்பதும் இந்நாணயம் கைமாறுவதால் நிகழ்வன. இதனையும் நினைவில் கொள்க. இது மறுபடியும் வரும்.

1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிலையான பேராசிரியப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. அங்கே அவரோடு பணியாற்றியவரும், பின்னாளில், 1988-இல், நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்களில் சில வெளியுலகுக்குத் தெரியாமலே போயின என்றும், பல ஆண்டுகளுக்குப் பின் பிறர் அவற்றை மறுபடியும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் கூறியிருக்கிறார். சுப்பாராவோ தம் பெயருக்காக வாதாடும் இயல்பினர் அல்லர்.

பேர்ல் ரிவரில்

1940-இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். எட்டே ஆண்டுகள். அவ்வெட்டு ஆண்டுகளில் அவர் தலைமையில் வெளிவந்த மருந்துகளைப் பாருங்கள்.

யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் என்னும் டைஎத்தில் கார்பமசீன் 1947-இல் வந்தது. நம் நாட்டில் வீடு வீடாகச் சென்று சுகாதாரப் பணியாளர் கொடுக்கும் யானைக்கால் தடுப்பு மாத்திரை இதுதான். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசினை, மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்னும் முதியவர் அவர் கூடத்தில் கண்டார். அது 1948-இல் வெளிவந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது ஃபோலிக் அமிலம்.

இதன் கதை இந்தியாவில் தொடங்குகிறது. 1928 முதல் சில ஆண்டுகள் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்களைச் சோதித்தார். கருவுற்ற பெண்கள் பலர் கொடிய இரத்தச் சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். அச்சாற்றில் இருந்த பெயர் தெரியாத சத்துப்பொருளைப் பலரும் தேடினர். சுப்பாராவின் குழுவினர் அதனைத் தூய நிலையில் பிரித்து, அமைப்பைக் கண்டறிந்து, 1945-இல் சோதனைச் சாலையிலேயே செய்தும் காட்டினர். அதுவே ஃபோலிக் அமிலம். மஞ்சள் நிறப் பொடி. இன்று நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார்க்கெல்லாம் இரும்புச் சத்தோடு சேர்த்து வழங்கப்படும் மாத்திரை.

செயற்கை முறையில் செய்த ஃபோலிக் அமிலத்தை டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எந்த நோயாளிகளுக்கு? ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு! இரத்தம் ஊறிற்று, நாப்புண் ஆறிற்று, பசி எடுத்தது. தம் சகோதரர் இருவரைக் கொண்டுபோன நோய்க்கு, தம் கூடத்தில் பிறந்த பொருளே மருந்தாயிற்று. அச்செய்தி வந்த நாளில் அவர் என்ன நினைத்திருப்பார்? நாம் ஊகிக்கலாம், அவ்வளவே.

செல்லா நாணயம்

உயிரணு ஒன்று இரண்டாகப் பிளக்க வேண்டுமானால், தன்னுள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். அதற்கு வேண்டும் செங்கற்களைச் செய்ய ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. விரைந்து பெருகும் உயிரணு எதுவோ அதற்கு இத்தேவையும் மிகுதி. இரத்தம் ஊறும் எலும்பு மச்சைக்கு மிகுதி, புற்றுநோய்க்கும் மிகுதி.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு லெடர்லி அனுப்பிய ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தார். நோய் தணியவில்லை, வேகம் கூடியதாக அவருக்குத் தோன்றிற்று. அப்படியானால், இதற்கு எதிரான ஒன்றைக் கொடுத்தால் நோய் அடங்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர் அத்தகைய எதிர்ப்பொருள்களைச் செய்து அனுப்பினர். ஃபோலிக் அமிலத்தில் ஓரிடத்தில் சிறு மாற்றம் செய்தால் அமினோப்டெரின். இன்னும் ஒரு சிறு மாற்றம் செய்தால் மெத்தோடிரெக்சேட். பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும். உயிரணுவும் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். ஆனால் செல்லா நாணயத்தை நம்பிப் பெட்டியில் வைத்த வணிகன் சரக்கு வாங்கப் போய் விழிப்பது போல், அணுவின் வேலை நின்றுபோகும். சரியாகச் சொன்னால், ஃபோலிக் அமிலத்தைப் பயன்படத்தக்க உருவாக மாற்றும் நொதியில் இது போய் இறுகப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் அமினோப்டெரின் கொடுக்கத் தொடங்கினர். 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் பின்வாங்கியது. சில வாரங்களோ சில மாதங்களோதான். பிறகு நோய் திரும்பிற்று. எனினும் அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முதலாக அசைந்தது. 1948 ஜூன் மாதத்தில் இச்செய்தி வெளியாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒரு நாள் இரவு படுத்த சுப்பாராவ் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 53. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. விடுதலை பெற்ற தாய்நாட்டையும் காணவில்லை.

எங்கள் தெருப் பையன்

இனி, தொடக்கத்தில் சொல்லாமல் விட்ட நிகழ்ச்சி. சித்தூரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன். பதினைந்து வயது, கபடியில் சூரன். அவனுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வலி கண்டது. விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணி எண்ணெய் தடவினர், கட்டுப் போட்டனர். வலி இரவில் கூடியது, வீக்கம் பெருத்தது. மாதங்கள் சென்ற பின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அது எலும்பில் தோன்றும் புற்றுநோய், ஆஸ்டியோசார்கோமா என்றனர்.

புற்றுநோயில் சார்கோமா என்பது தனி வகை. எலும்பு, தசை, கொழுப்பு முதலிய தாங்கு திசுக்களில் தோன்றுவது. பெரியோர்க்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றே இவ்வகை. குழந்தைகளிடமும் இளைஞரிடமும் அதன் பங்கு மிகுதி. எலும்புச் சார்கோமா பெரும்பாலும் வளரும் வயதில், வளர்ச்சி மிகுந்த முழங்காலைச் சுற்றியே வரும். காலை வெட்டுவது ஒன்றே மருத்துவமாக இருந்த காலத்தில் நூற்றுக்கு இருபது பேர்கூடப் பிழைத்ததில்லை; வெட்டுமுன்பே நோய் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போயிருக்கும். 1970-களில் பாஸ்டனில் நார்மன் ஜாஃபே முதலியோர் மெத்தோடிரெக்சேட்டை மிகப் பெரிய அளவில் கொடுத்து, ஒரு நாள் கழித்து லூகோவோரின் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்து நல்ல உயிரணுக்களைக் காக்கும் முறையைக் கொண்டுவந்தனர். நஞ்சும் முறிவும் போன்றது இம்முறை. இதனோடு வேறு மருந்துகளும் அறுவையும் சேர, நோய் பரவுமுன் வந்தவர்களில் நூற்றுக்கு அறுபது எழுபது பேர் இன்று பிழைக்கின்றனர். மருந்தின் அளவை இரத்தத்தில் நாள்தோறும் பார்க்க வேண்டியிருப்பதால் நம் நாட்டு மருத்துவமனைகள் சில இதனை விடுத்து வேறு மருந்துகளைக் கொண்டே சிகிச்சை செய்வதும் உண்டு.

அந்தப் பையனுக்கு மெத்தோடிரெக்சேட் கொடுத்தனர். ஒரு நாள் பார்க்கப் போயிருந்தேன். புட்டியிலிருந்து இறங்கிய நீர் நல்ல மஞ்சள் நிறம். விஞ்ஞானம் படிக்கிறவன் என்பதால் அவன் தாயார், இந்த மருந்தை எந்தத் தேசத்தார் கண்டுபிடித்தார்கள் என்று என்னைத் தெலுங்கில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவாயிருக்கும் என்று சொல்லி வைத்தேன். விடுதிக்குத் திரும்பியதும் வெட்கத்தோடு புத்தகங்களைப் புரட்டினேன். அங்கே இருந்தது என் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதி எழுதித் தேய்ந்த அதே பெயர். அடுத்த முறை போனபோது, கண்டவர் உங்கள் மொழிக்காரர்தான், பீமவரத்துக்காரர் என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

பையன் பிழைத்தான். ஒரு கால் போயிற்று. இப்போது இன்டர்மீடியட் படிக்கிறான்.

அவர் அறியாத வழி

மெத்தோடிரெக்சேட் வளரும் அணுவுக்குச் செங்கல் கிடைக்காமல் செய்கிறது. இன்றைய ஆராய்ச்சியோ வேறு முனையிலிருந்து வருகிறது: அணுவுக்கு வளர் என்று கட்டளையிடும் சமிக்ஞையையே தடுக்க முயல்கிறது. இதற்கு வித்திட்டதும் ஒரு சார்கோமாவே. பெய்டன் ரௌஸ் என்பவர் கோழியின் சார்கோமாவை அரைத்து வடிகட்டி, அணுக்கள் இல்லாத அச்சாற்றாலேயே வேறு கோழிக்கு நோயை உண்டாக்கலாம் என்று 1911-இல் காட்டினார். உலகம் நம்ப நெடுங்காலம் ஆயிற்று; நோபல் பரிசு 1966-இல், அவருடைய 87-ஆம் வயதில் வந்தது. அந்நோயை உண்டாக்கும் வைரசின் ஜீன், நலமான அணுக்களிலும் இயல்பாகவே இருக்கும் ஒரு ஜீனின் திரிபே என்று பிஷப், வார்மஸ் குழுவினர் 1976-இல் நிறுவினர்.

அந்த ஜீன் செய்யும் வேலை என்ன? கைனேஸ் என்னும் நொதி ஒன்றை உண்டாக்குவது. கைனேஸ், ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மீது ஒட்டுகிறது. தபாலில் முத்திரை குத்துவது போல, முத்திரை விழுந்த புரதம் அடுத்த புரதத்துக்குச் செய்தி சொல்லும். இப்படியே கைமாறி, வளர் என்னும் கட்டளை அணுவின் கருவைச் சென்றடையும். நலமான அணுவில் வேலை முடிந்ததும் முத்திரை அழிக்கப்படும். நோயுற்ற அணுவிலோ முத்திரை குத்தும் கை ஓய்வதேயில்லை.

அந்தக் கையைப் பிடிக்கும் மருந்துகள் இப்போது உண்டு. இரைப்பை, குடல் சுவர்களில் தோன்றும் ஒருவகைச் சார்கோமாவுக்கு இமாட்டினிப் 2002 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து. மென்திசுச் சார்கோமாக்கள் சிலவற்றுக்குப் பசோபானிப் 2012-இல் வந்தது. கைனேசில் ஏ.டி.பி. அமர வேண்டிய குழியில் தாம் போய் அமர்ந்துகொள்வதே இவற்றின் தந்திரம். சார்கோமாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. எல்லாம் இவற்றுக்கு அடங்குவதில்லை. அடங்கியதும் சில காலத்தில் உருமாறி எழுவதுண்டு. போர் முடியவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். செங்கல்லை மறிக்கும் மருந்து சுப்பாராவின் கூடத்தில் பிறந்தது. சமிக்ஞையை மறிக்கும் மருந்துகள் ஏ.டி.பி.யின் இருக்கையைப் பிடிக்கின்றன, அந்த ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தவர்களுள் ஒருவர் சுப்பாராவ். 1929-இல் அவர் கைனேசைப் பற்றி அறிந்தவரல்லர். புற்றுநோயை நினைத்து அவ்வேலையைச் செய்தவரும் அல்லர். நிறம் ஏன் தாமதமாக ஏறுகிறது என்ற வினாவை அலட்சியம் செய்யாமல் தொடர்ந்து போனார், அவ்வளவுதான். அவ்வழியே எண்பது ஆண்டுகளுக்குப் பின் நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கிறது.

நாம் செய்ய வேண்டுவது

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. பூஞ்சை இனம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர். பிறந்த நூற்றாண்டான 1995-இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. சென்னையில் அவர் படித்த கல்லூரிகளுக்கு முன்னால் நாள்தோறும் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அதே 1954-இல்தான் திருப்பதியில் நம் பல்கலைக் கழகமும் தோன்றியது. நெடுங்காலம் சித்தூர் மக்கள் இந்நோய்க்கு வேலூருக்கோ சென்னைக்கோ ஓடினர். இன்று திருப்பதியிலேயே, அலிபிரிக்கு அருகில், புற்றுநோய்க்கென்றே பெரிய மருத்துவமனை எழுந்திருக்கிறது. நம் சோதனைச் சாலைக்கும் அந்நோயாளிகளுக்கும் இடையே உள்ள தூரம் சில கல்தான். அத்தூரத்தை நடக்க வேண்டியவர்கள் நாம்.

தெலுங்கு நாட்டு இளைஞர் ஒருவருக்கு அன்று திருவல்லிக்கேணி இடம் கொடுத்தது. தமிழ் மாணவர்களாகிய நமக்கு இன்று திருப்பதி இடம் கொடுத்திருக்கிறது. இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று கணக்குப் பார்ப்பது வீண். கல்விக்கு எல்லைக்கல் கிடையாது, நோய்க்கும் கிடையாது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை உங்கள் குழாயில் நீர் நீலமாகும்போது, எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே கழுவிவிடாதீர்கள். ஒரு நொடி நில்லுங்கள். இரண்டு முறை தேர்வில் தோற்றவர், கதருக்காகப் பட்டம் இழந்தவர், மலக்கலம் கழுவிப் படித்தவர் காட்டிய நிறம் அது. அது நாம் எதிர்பார்த்தபடி ஏறாவிட்டால், குழாயின் மேல் குற்றம் சொல்லுமுன் ஏன் என்று ஒரு முறை கேளுங்கள். அவரை நினைவுகூர இதனினும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.